காணாமற்போன பதினெட்டு அட்டைகள்

2023 டிசம்பர் 27, புதன்கிழமை, காலை 9.40. மல்காஜ்கிரியில் பனி இன்னும் விலகவில்லை.

எங்கள் அடுக்ககத்தில் முப்பத்தாறு வீடுகள். ஓய்வுபெற்றதிலிருந்து வீட்டுக்கு ஒன்றாகப் புத்தாண்டு வாழ்த்து அட்டை செய்து கொடுக்கிறேன். விளிம்போடு விளிம்பு சேர்த்து, ஸ்பூனின் முதுகால் நீவினால் மடிப்பு கத்திபோல் நிற்கும். அன்று சாப்பாட்டு மேசையில் வரிசைக்கு ஆறாக, ஆறு வரிசை பரப்பியிருந்தேன். எண்ணினேன். பதினெட்டு. மறுபடியும் பதினெட்டுதான்.

மருமகள் அகிலாவைக் கூப்பிட்டேன். "பாதி அட்டை எங்கே?"

"முன்னாடியேதானே இருக்கு மாமா."

"பொய் சொல்லாதே. யார்கிட்ட கொடுத்தே?"

"ஹவ் மாமா, அதை வித்துத்தான் பங்களா கட்டப்போறேன்." 'ஹவ்' என்றால் ஆமாம்; இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள், பேச்சில் ஊர் கலந்திருக்கும்.

எதிர்வீட்டு அம்மாள் வாசலில் நிற்கிறார் என்று தெரிந்தும், "உன் பிறந்த வீட்டுப் புத்தி" என்றேன். "இட்லிகூட ரெண்டுதான் வச்சிருக்கே."

அகிலா நான் தின்று முடித்த தட்டைப் பார்த்தாள். அதை அரைவட்டம் திருப்பினாள். இன்னும் இரண்டு இட்லிகள் வந்தன. இப்போதாவது வைத்தாளே என்று நினைத்தேன். அவள் கைபேசியில் கார் வரவழைத்துக்கொண்டிருந்தாள்.

மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள்: மூளையின் வலப்பாதியில் ரத்த உறைவு. "கண்ணில் கோளாறில்லை சார். மூளைதான் இடதுபக்கத்தைச் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்கிறது" என்றார் மருத்துவர். இதற்கு இடப்புறப் புறக்கணிப்பு (இடப்பக்கம் உள்ளவை கண்ணில் பட்டும் மனதில் பதியாத நிலை) என்று பெயர். கடிகாரம் வரையச் சொன்னார். ஒன்று முதல் ஆறு வரை எழுதி, முடிந்துவிட்டது என்று கொடுத்தேன். முகத்திலும் பாதிதான் மழித்திருந்தேனாம்.

இதைப் படிப்பவர் வீட்டில் ஒருவர் தட்டில் பாதியை விட்டு எழுந்தால், பொருள் காணோம் என்று சண்டையிட்டால், யார் சரி என்று வாதாடாதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

ஒன்பதாம் நாள் வீடு திரும்பினேன். மருத்துவமனை ரசீதை வாங்கிப் படித்தேன். "84,310. உன் காசு ஒரு பைசா வேண்டாம்" என்று அகிலாவிடம் காசோலை எழுதச் சொன்னேன். சொன்னபடியே எழுதினாள். கையெழுத்து போட்டேன்.

பயிற்சிக்காக எல்லாவற்றின் இடது ஓரத்திலும் அவள் சிவப்பு நாடா ஒட்டினாள்: மேசை, தட்டு, செய்தித்தாள். சிவப்பு தெரியும்வரை கழுத்தைத் திருப்ப வேண்டும். நான்கு மாதத்தில் அது பழக்கமாயிற்று. அப்படித்தான் ஒருநாள், பழைய ரசீதைக் கோப்பில் வைக்கும்போது அதன் ஓரம்வரை திரும்பினேன். எட்டுக்கு முன்னால் ஓர் இரண்டு இருந்தது. மீதியை அகிலா தன் சேமிப்பிலிருந்து கட்டியிருக்கிறாள்.

"அன்னைக்கே ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா, அந்த ரெண்டை நான்தான் எழுதிச் சேர்த்தேன்னு சொல்லியிருப்பீங்க."

சொல்லியிருப்பேன்.

அன்று ஓர் அட்டை மடித்தேன். முன்பு ஒரு நிமிட வேலை. இருபது நிமிடம் ஆனது. என் இடது கை தொலைவில் இருக்கும் ஒன்று போலிருக்கிறது. தேடிப் பிடித்துத்தான் கொண்டுவர வேண்டும். உள்ளே மன்னிப்பும், இரண்டு லட்சத்துக்குக் காசோலையும் வைத்தேன். எதிர்வீட்டு அம்மாளையும் வரவழைத்து, அவர் முன்னிலையிலேயே கொடுத்தேன். தலை நிமிர முடியவில்லை.

அகிலா படித்துவிட்டு விரலால் மடிப்பை நீவினாள். "நேரா இருக்கு மாமா" என்றாள்.

இடதிலிருந்து வாசித்தால், மொத்தச் செலவு ரூ. 2,84,310.