மேலே மாறிய பெயர்

கடையைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பேன். திண்டுக்கல்லில் இருந்துகொண்டு பூட்டையே நம்பாத நான் என் மச்சினனை நம்பினேன்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எனக்குச் சின்னதாக ஒரு சேலைக் கடை. சின்னாளப்பட்டிச் சுங்குடிதான் சரக்கு. தெருவுக்கு ஒரு பிரவுசிங் சென்டர் முளைத்த காலம் அது. மனைவியின் தம்பி கம்ப்யூட்டர் படித்தவன். கடைக்கு ஒரு வெப்சைட் போட்டுக் கொடுத்தான். சேலைக்கு ஒரு பக்கம். ஆனால் அந்தப் பக்கங்களின் முகவரியில் கேள்விக்குறியும் எண்களுமாக ஒரே குழப்பம். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு அதில் ஒன்றும் பிடிபடவில்லை. ஏதாவது மாறிப்போனால் எனக்கு எப்படித் தெரியும் என்று அவனிடம் புலம்பிக்கொண்டே இருந்தேன்.

“ஏன் மச்சான் இம்புட்டுப் பயம்? எல்லாத்தையும் படிக்கிற மாதிரி பேரா மாத்திருவோம். தேடுறவங்களுக்கும் நம்ம கடை மொதல்ல வரும். கடைக்கு வாரவங்க என்ன சொல்லிக் கேக்குறாங்க, அத மட்டும் சொல்லுங்க.”

சுங்குடி என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. யார் படியேறினாலும் நானே, “வெயிலுக்கு உடுத்தவா, மாசமா இருக்கிற பிள்ளைக்கா?” என்று கேட்பேன். டீச்சர்கள் கஞ்சி நிற்கிற சேலை கேட்பார்கள். கல்லாவில் உட்கார்ந்து காதில் வாங்கியதை எல்லாம் அவனிடம் கொட்டினேன். அவன் அவற்றை இங்கிலீஷ் எழுத்தில், சொற்களுக்கு நடுவே சின்னக் கோடு போட்டு முகவரியாக்கினான். எழுத்துக் கூட்டி நானே வாசித்தேன். கொஞ்ச நாளில் கோயம்புத்தூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் போன் வந்தது.

“இந்த வெப்சைட்டுப் பேர யார் பேர்ல பதிஞ்சிருக்க மாப்ள?”

“எம்பேர்லதான். ஏன், நான் என்ன வேத்தாளா?”

கேட்டதற்கு எனக்கே வெட்கமாகிவிட்டது.

கடை திறக்கும் முன்பு தினமும் பிரவுசிங் சென்டருக்குப் போய் முகவரியை அடித்துப் பார்ப்பேன். “அண்ணே, நேத்து இருந்த எடத்துலதான் இருக்கும். எறங்கி டீ குடிக்கவா போயிருக்கும்?” என்பார் சென்டர்க்காரர்.

ஆடிக்கு முன்பே போன் குறைந்து, பிறகு நின்றே போனது. ஒரு காலை வழக்கம்போல அடித்தேன். பக்கம் திறந்தது. திறந்தால் போதும் என்று எழுந்துவிடுகிறவன் அன்று முழுசாகப் பார்த்தேன். என் கடைக் கதவில் தொங்கவிட்டு எடுத்த அதே சேலைப் படம். மேலே முகவரியைப் பார்த்தேன். நான் அடித்த கடைப் பெயர் போய் வேறு பெயர் இருந்தது. அதன் பின்னால் வெயிலுக்கு உடுத்தும் சேலை என்ற என் சொற்கள் கோடு மாறாமல் நின்றன. மறுபடி அடித்தேன். என் கண்முன்னாலேயே மறுபடி மாறியது. பழைய எண்களாக இருந்திருந்தால் கவனித்தே இருக்க மாட்டேன்.

பக்கத்தின் அடியில் புது போன் நம்பர். வெளியே ஒரு ரூபாய் போனில் அதை அடித்தேன்.

“வணக்கம், சொல்லுங்க. வெயிலுக்கு உடுத்தவா, மாசமா இருக்கிற பிள்ளைக்கா?”

என் கேள்வி. மச்சினன் குரல்.

“மாப்ள,” என்றேன்.

பின்னால் ஓடிய ரேடியோவை அணைத்தான்.

“மச்சானா? வீட்டுக்கு வந்து சொல்லலாம்னுதான் இருந்தேன். தனியா ஒரு கடை போட்டிருக்கேன். வெப்சைட்டு நான் செஞ்சதுதான?”

“அதுல இருக்கிற பேச்சு யாரு சொன்னது?”

“பேச்சுல என்ன மச்சான்? ஊரே பேசுறதுதான.”

வைத்துவிட்டான். வீட்டுக்கும் வரவில்லை. தீபாவளிக்கு அவனைக் கூப்பிடச் சொன்னாள் மனைவி. நம்பர் தொலைந்துவிட்டது என்றேன்.

கடை இன்னும் இருக்கிறது. யாராவது படியேறினால் அந்தக் கேள்வி தொண்டை வரை வந்து நின்றுகொள்ளும். “என்ன வேணும்?” என்று மட்டும் கேட்கிறேன்.