வாளி நீரால் வாசல் தெளித்தேன்

இன்று காலை என் மனைவிக்கு இருதய அறுவைச் சிகிச்சை. உள்ளே கொண்டுபோகுமுன் ஒருமுறை அவர் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று விடியுமுன்பே எழுந்தேன்.

த பேசின் என்னும் இந்தக் குளிரான வெளிநாட்டு ஊரில் எங்கள் வீட்டு வாசலுக்கு நாள்தோறும் நீர் தெளிப்பவர் அவரே. இன்று அவருக்காக ஒரு வாளி நீரை, கார் இறங்கும் சரிவான டிரைவ்வேயில் பரவ ஊற்றிவிட்டு, சுவாமி அறையில் தேவாரம் பாடினேன். வாய் பாடியது. மனத்தில் ஒன்றும் அசையவில்லை.

வெளியே வந்தபோது சரிவு முழுவதும் பனிக்கட்டி. காரை எடுக்க வழியில்லை. கேத்தலில் சுடுநீர் கொண்டு வந்தேன்.

"ஐயோ, ஊத்தாதீங்க அங்கிள்!" அடுத்த வீட்டு மதுரைக்காரர் சரவணன் மண்வெட்டியோடு ஓடிவந்தார்.

"சுடுதண்ணிக்கு உருகாதோ தம்பி?"

"உருகும். அப்புறம் அதுவும் சேர்ந்து உறையும். கல்லுப்பு இருக்கா?"

நாவூறு கழிக்க மனைவி வைத்திருந்த உப்பு முழுவதையும் தூவினோம். சரவணன் கொத்தக் கொத்த, நான் வெறுங்கையால் அள்ளி எறிந்தேன். விரல்கள் மரத்துப்போயின.

ஒருவாறு நேரத்துக்கு மருத்துவமனை போய்ச் சேர்ந்தேன். கட்டிலில் படுத்தபடியே என் கையைப் பிடித்த மனைவி, நடந்ததைக் கேட்டுச் சிரித்தார்.

"இஞ்சருங்கோ, இந்தக் குளிருக்க ஆரும் வாளியால ஊத்துவினமோ? நான் ரெண்டு துளி தெளிச்சுப்போட்டு உள்ளுக்கு ஓடி வாறனான். சரி, போட்டு வாறன்."

அறுவைச் சிகிச்சை அறையின் கதவு மூடிக்கொண்டது. என் விரல்களுக்கு இன்னும் உணர்வு வரவில்லை.

உங்கள் வீடுகளில் குளிர்காலத்தில் வாசல் தெளிப்பது எப்படி? என்னைக் கேலி செய்தாவது எழுதுங்கள். அந்தக் கதவு திறக்கும்வரை எனக்கு வாசிக்க ஏதாவது வேண்டும்.