சர்வோ வேண்டாம் என்று சொன்ன ஏழு மாதம்

யுத்தம் முடிந்த சமயம், எங்கள் ஆபீஸ் துரை சீமைக்குக் கப்பல் ஏறும்போது தன்னுடைய ஸ்போர்ட்ஸ் காரை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். நான் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் சரக்கு எண்ணும் குமாஸ்தா. அந்தக் காரில் இரண்டே பேர்தான் உட்காரலாம். குடும்பம் ஏற முடியாத கார் எதற்கு என்று ஊரில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். என் காதில்தான் ஏறவில்லை.

கார் அப்போதே பழசு. பெடலிலிருந்து சக்கரம் வரை இரும்புக் கம்பிகள் இழுத்து நிறுத்துகிற பிரேக். வலது காலை முழு பலத்தோடு ஊன்றி மிதித்தால்தான் நிற்கும். வாங்கிய மூன்றாம் மாதம், தோணியிலிருந்து இறக்கிய பஞ்சுப் பொதி ஒன்று சரிந்து என் வலது முழங்காலில் விழுந்தது. கட்டுப் பிரித்த அன்றே குணமாகிவிட்டது என்று வீட்டில் சொன்னேன். அது பொய். காலில் பாதி பலம்தான் திரும்பியிருந்தது. உண்மையைச் சொன்னால் காரை விற்கச் சொல்வார்கள் என்று பயந்தேன்.

என் மனைவியின் அண்ணன் உப்பு லாரிகளைப் பழுது பார்க்கிற ஷெட் வைத்திருந்தார். கட்டுப் பிரித்த வாரத்திலிருந்து, அவர் தினமும் காலையில் எங்கள் வீட்டுக்கே வந்து என் காரில் ஏறுவார்; காரை ஷெட்டில் விட்டுவிட்டு நான் பக்கத்திலிருந்த ஆபீசுக்கு நடப்பேன், சாயங்காலம் அங்கிருந்து இருவரும் திரும்புவோம். ரேஷனில் கிடைத்த பெட்ரோல் கூப்பன் அந்த இரண்டு பயணத்துக்குத்தான் காணும். ஆக, அவர் இல்லாமல் நான் காரை எடுத்ததே இல்லை. உட்கார்ந்ததும் எங்கள் இருவருக்கும் நடுவிலிருந்த கைபிரேக்கின் மேல் கையை வைத்துக்கொள்வார். அடுத்தவன் காரில் இப்படி உரிமையாகக் கை வைக்கிறாரே என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு.

அந்தச் சமயம் பட்டாளத்து லாரிகளை ஏலம் விட்டார்கள். அதில் ஒன்றிலிருந்து மச்சான் வாக்குவம் சர்வோ என்ற ஒரு சாமானைக் கழற்றி வைத்திருந்தார். எஞ்சின் காற்றை உறிஞ்சுகிற வேகத்தை வாங்கி, மிதிக்கிற காலுக்கு ஒத்தாசை செய்வது அதன் வேலை.

"மாப்ள, இத உம்ம வண்டியில மாட்டிருவமா? லேசாத் தொட்டாப் போதும், நிக்கும்" என்றார்.

"லாரி சாமான் இந்தக் காருக்கா? குருவி தலையில பனங்காய வைக்கச் சொல்லுதீரு" என்றேன்.

வாரம் ஒரு தடவையாவது இந்தப் பேச்சு வரும். நானும் சளைக்கவில்லை. எஞ்சின் நின்றால் சர்வோவும் நின்றுவிடுமே என்றேன். சக்கரம் சட்டென்று பிடித்துக்கொண்டு கார் சறுக்கும் என்றேன். காரைச் செய்தவன் முட்டாளா, வேண்டுமென்றால் அவனே மாட்டியிருக்க மாட்டானா என்றும் கேட்டேன். எல்லாவற்றுக்கும் மேலாக, "நல்லாத்தான நிக்குது, நீரே பாக்குதீரு" என்பேன். அவர் சர்வோவைத் துடைத்துத் திரும்ப மூலையில் வைப்பார். சர்வோவை மாட்டினால் என் காலைப் பற்றி ஊருக்குத் தண்டோரா போட்டதுபோல ஆகும் என்பதுதான் என் கவலை. வாதம் முழுவதும் அதற்குப் போட்ட போர்வை.

அவர் என் காரில் ஏற ஆரம்பித்த ஏழாவது மாதம் அவருக்குக் காய்ச்சல் வந்தது. அன்று காலை நான் கிளம்பும்போது என் மனைவி வந்து ஏறிக்கொண்டாள். "அண்ணனப் பாக்கணும். போற வழியில எறக்கி விடுங்க" என்றாள்.

உப்பளத்து ரோட்டில் வேகமாகத்தான் போனேன். பக்கத்தில் மனைவி இருந்தால் எவனுக்கும் கொஞ்சம் தோரணை வரும். வளைவில் மூட்டை ஏற்றிய உப்பு வண்டி ஒன்று குறுக்கே ஏறியது. மிதித்தேன். தினமும் எப்படி மிதிப்பேனோ அப்படித்தான். கார் நிற்கவில்லை. "மாதாவே!" என்று அவள் அலறியது கேட்டது. ஸ்டியரிங்கை ஒடித்தேன். மாட்டின் கொம்பை உரசுகிற தூரத்தில் விலகி, பாத்தி வரப்பில் மோதிக் கார் நின்றது.

வண்டிக்காரர் என்னைப் பாட்டனிலிருந்து ஆரம்பித்து ஏசினார். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டாதவன் நான். "பிரேக்கு என்னைக்கும் நல்லாத்தான் நிக்கும், இன்னைக்குத்தான் என்ன கேடோ" என்று அவரிடமே வாதாடினேன். பிறகுதான் என் மனைவியைப் பார்த்தேன். அவளுடைய இரண்டு கையும் கைபிரேக்கை இறுக்கிப் பிடித்திருந்தன. உள்ளங்கையில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. அவள் அந்தக் கைபிரேக்கைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை.

எங்கள் கரையில் முத்துக்கோ சங்குக்கோ கடலில் முங்குகிறவனுடைய கயிற்றை அவன் மச்சான்தான் பிடிப்பான். தங்கச்சி தாலி அறுக்கக் கூடாது என்று அவனுக்குத்தானே அக்கறை அதிகம். முங்குகிறவனுக்கு மூச்சுக் குறைந்துவிட்டால் அதை யாரும் அவனிடம் சொல்வதில்லை. ரோஷத்தில் கூடுதல் நேரம் அடியில் கிடப்பான். கயிறு பிடிக்கிறவன் முன்னைவிடக் கொஞ்சம் சீக்கிரமாக இழுத்துவிடுவான், அவ்வளவுதான். என் அப்பா முங்கியவர், என் தாய்மாமா அவருக்குக் கயிறு பிடித்தவர். இதெல்லாம் தெரிந்த நானே ஏழு மாதம் ஒன்றும் புரியாமல் இருந்திருக்கிறேன். ஒருநாள்கூட நான் காரை நிறுத்தியதில்லை. கைபிரேக்கை இழுத்து நிறுத்தியதெல்லாம் என் மச்சான்.

"நீதான் அவர ஏறச் சொன்னியா?" என்று கேட்டேன்.

"ஆமா."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா, கால் நல்லாருக்குன்னு காட்டதுக்கு இன்னும் வெரசாப் போவிய" என்றாள். பிறகு கையைப் பார்த்தபடி, "பொம்பளைக கயிறு புடிக்கக் கூடாதும்பாவ. அண்ணனுக்கு முடியலன்னதும் வேற யாரு இருக்கா? புடிச்சுப் பாத்தேன். என் பெலத்துக்கு நிக்கல" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வண்டிக்காரர் ஏசுவதை நிறுத்திவிட்டு மாட்டைத் தட்டிக்கொண்டு போனார். அவள் கையில் என் கைக்குட்டையைச் சுற்றிவிட்டு, காரை அங்கேயே போட்டுவிட்டு இருவரும் மச்சான் வீட்டுக்கு நடந்தோம்.

அவர் போர்வைக்குள் சுருண்டு கிடந்தார். தங்கச்சி கையில் இருந்த கட்டைப் பார்த்தார், நகர்ந்து எனக்கு இடம் விட்டார். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"மச்சான், அந்த சர்வோவ மாட்டிரும். எனக்கு வலது காலு சரியில்ல. பொதி விழுந்ததுல இருந்தே பெலம் இல்ல" என்றேன்.

அவர் எழுந்து உட்கார்ந்து என் முழங்காலை இப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார்.

"அப்படியா வே? எனக்குத் தெரியவே தெரியாதே" என்றார்.

என் மனைவி கஞ்சி வைக்கப் போகிறேன் என்று உள்ளே போய்விட்டாள்.