எமர்ஜென்சி சாவி யாரிடம்?

காலையில் ஷோரூம் ஷட்டரைத் தூக்கும்போதே போன் வந்தது. எங்களிடம் லாக்கர் வாங்கிய ஜனக்புரி சண்முகசுந்தரம் சார். கனடாவில் மகளுக்கு ஆபரேஷன். அன்று இரவு அவருக்கு விமானம்.

"மேடம், லாக்கர் திறக்க மாட்டேங்கு. நம்பர் அடிச்சா லைட்டே எரியல. பாஸ்போர்ட் உள்ள கெடக்கு."

"பேட்டரி போயிருக்கும் சார். எமர்ஜென்சி சாவி போட்டுத் திறங்க."

"சாவி..." என்று இழுத்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

"சாவியும் உள்ளேதானா?"

"உள்ளதான்."

கடைசியாகக் கேட்கும் கேள்வி

தலைநகரில், கரோல் பாக்கில் வீட்டு லாக்கர் விற்கும் கடையில் என் உத்தியோகக் காலம் முழுவதும் போயிற்று. வருகிறவர்கள் தகடு எவ்வளவு தடிமன், தீ தாங்குமா, கைரேகையா நம்பரா என்று துருவித் துருவிக் கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்வேன். சுவரில் போல்ட் போட்டு இறுக்காத லாக்கர் திருடனுக்கு நீங்களே கட்டிக் கொடுத்த பார்சல் என்று மிரட்டுவேன். பில் போடும்போது ஒன்று கேட்பேன்: "எமர்ஜென்சி சாவியை யார்கிட்ட கொடுப்பீங்க? உங்க வீட்டுல மட்டும் வைக்காதீங்க."

பெரும்பாலும் சிரிப்பார்கள். அக்கா வீடு, மாமனார் வீடு என்று ஏதாவது ஒரு பதில் வரும். லாக்கர் வாங்க வந்த அன்று சண்முகசுந்தரம் சார் மட்டும் சிரிக்கவில்லை. மத்திய அரசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். மனைவி தவறிவிட்டார். ஜனக்புரியில் தனி பிளாட்.

"மோதி பாக் குவார்ட்டர்ஸ்ல இருந்தப்ப எதிர்வீடு, மாடிவீடு எல்லாம் நம்ம ஆளுங்கதாம்மா. சாவிய யார்ட்டயும் கொடுத்துட்டுப் போவோம். ரிட்டயர் ஆனா வீட்டக் காலி பண்ணணும்லா. ஆளுக்கொரு திசையாப் போயாச்சு." சாவியை என் பக்கம் நீட்டினார். "நீங்களே வச்சுக்கிடுங்களேன்."

கஸ்டமர் சாவியை வாங்கவே கூடாது என்று கேபினிலிருந்து முதலாளி இந்தியில் குரல் கொடுத்தார். "கஸ்டமர் கி சாபி? கபீ நஹீ, மேடம்!"

முதலாளி சொன்னதிலும் நியாயம் உண்டு. நாளைக்கு ஒரு மோதிரம் காணோம் என்றால் முதல் சந்தேகம் சாவி வைத்திருப்பவர் மேல்தான். முடியாது என்று நான் தலையை ஆட்டினேன். சார் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் அடுத்த கஸ்டமரைக் கவனிக்கப் போய்விட்டேன்.

டிரில்

போன் வந்த அன்று, மெக்கானிக்குடன் நானும் மெட்ரோ ஏறினேன். சாரைத் தனியாகத் தவிக்கவிட மனம் வரவில்லை.

பூட்டை டிரில் போட்டு உடைத்தோம். கதவு ஒன்றுக்கும் உதவாமல் போனது. பாஸ்போர்ட் கிடைத்தது. அதன் மேலேயே எமர்ஜென்சி சாவி, நாங்கள் கொடுத்த பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காமல்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அவ்வளவு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே சார்!"

"வேற எங்கம்மா வைக்கச் சொல்லுதீங்க?" என்றார்.



என் வீட்டு ஆணி

அவர் கனடாவிலிருந்து திரும்புவதற்குள் நானும் ரிட்டயர் ஆகிவிட்டேன். ஜனக்புரியில்தான் நானும் இருக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அம்மா போன பிறகு தனிதான். கடையில் புது லாக்கர் வாங்கிய கையோடு, எனக்குப் போன் போட்டு விலாசம் கேட்டுக்கொண்டு வந்தார். மகள் தேறிவிட்டாளாம். புது லாக்கரின் எமர்ஜென்சி சாவியை மேசையில் வைத்தார்.

"இப்ப முதலாளி கிடையாதுல்லா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சாவியை வாங்கி, வாசல் பக்கத்து ஆணியில் மாட்டப் போனேன். அங்கே என் வீட்டுச் சாவியும் அதன் டூப்ளிகேட்டும் ஒரே ஆணியில் தொங்கின. அம்மா போன நாளிலிருந்து அப்படித்தான் தொங்குகின்றன. ஊரையெல்லாம் கேட்ட கேள்வியை என்னை யாரும் கேட்டதில்லை. பாத்ரூமில் நான் வழுக்கி விழுந்தால் என் கதவையும் டிரில் போட்டுத்தான் திறக்க வேண்டும். பயமாக இருந்தது. அதைவிட, அழுகையாக வந்தது.

டூப்ளிகேட்டைக் கழற்றி அவரிடம் நீட்டினேன்.

"இது எதுக்கும்மா?"

"ரெண்டு நாள் நான் போன் எடுக்கலேன்னா, வந்து திறந்து பாருங்க சார்."

வாங்கித் தன் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டார்.

"ரெண்டு நாளு எதுக்கு? தெனமும் காலைல ஒரு போன் போடுதேன்."

இப்போது கடைகளில் நிற்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். தகடு, பூட்டு எல்லாம் கம்பெனிப் புத்தகத்திலேயே இருக்கும். சாவி யாரிடம் என்று மறக்காமல் கேளுங்கள். கஸ்டமர் சிரிக்காவிட்டால், அடுத்தவரைக் கவனிக்க ஓடாதீர்கள். ஒரு நாற்காலி போட்டு உட்காரச் சொல்லுங்கள்.