புகையில் தொங்கிய வெங்காயம்

1937 கார்த்திகை 9, காலை ஆறே கால் மணி, தூறல். காய்ச்சல் விட்டும் நான்கு நாளாகச் சோறு தொடாத என் மனைவி, வாவிக்கு அக்கரை மணலில் விளையும் இனிப்பு வெங்காயம் கேட்டாள். தோணியேறிப் போனேன். தோட்டக்காரியின் அடுப்புக்கு மேல் ஒரேயொரு பிடி வெங்காயம் தொங்கியது.

"அது விதைக்குப் புகையில போட்டது தம்பி, தர ஏலாது."

"பொஞ்சாதி நாலு நாளாச் சாப்பிடல்ல அக்கா."

பிடியில் பாதியை அவிழ்த்துத் தந்தாள்.

வீட்டில், இருந்த பதினொன்றையும் உரித்து, தயிர்ச்சோற்றோடு வைத்து, மறுபடியும் எண்ணினேன்.

"நீங்க எண்ணி முடிக்கிறத்துக்குள்ள எனக்குப் பசி போயிரும்" என்றாள் மனைவி.

ஒன்பதைக் கடித்துத் தின்றாள். மிச்சம் இரண்டை என் பக்கம் தள்ளினாள். "நீங்களும்தான் நாலு நாளாச் சாப்பிடல்ல."

இன்றைய செலவு: வெங்காயத்துக்குக் கொடுத்த விதை விலை ஒரு ரூபாய், தோணிக் கூலி முப்பது சதம். ஆக மொத்தம் ஒரு ரூபாய் முப்பது சதம்.