தலைவர் வந்த பக்கம் தார்

அனைவருக்கும் ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: நமது ரோட்டின் எல்லைப் பள்ளம், பல மழைக்காலம் கண்டு, பல சைக்கிள்களையும் சில முட்டிகளையும் பெயர்த்து, சென்ற செவ்வாய்க்கிழமை காலை தார் மூடி மறைந்தது. அன்னாரின் சொந்தங்களான சில்லறைக் குழிகள் மிச்ச ரோடு நெடுக நலமாக உள்ளன.

பள்ளம் மூடியது செய்தியல்ல. ஏன் மூடினார்கள் என்பதுதான் செய்தி. திங்கட்கிழமை மாலை நான் டியூஷனில் இருந்தபோது நம் ‘ரோடு’ வாட்ஸ்அப் குரூப்பில் தகவல் வந்தது. மரகதம் அக்கா ஸ்டாண்டில் ஆட்டோவுக்குள்ளேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. மறுநாள் அஞ்சலி செலுத்தக் கட்சித் தலைவர் ஒருவர் வருகிறார் என்று அதன் பின்னாலேயே இன்னொரு தகவல். விடிந்ததும் டவுன் ஆபீஸ் ரோலரும் கிராமத்துத் தார் டிரம்மும் ஜோடியாக வந்து நின்றன. அக்கா உயிரோடு கூப்பிட்டபோது வழி தெரியாத ரோலருக்கு அன்றைக்கு வழி தெரிந்துவிட்டது.

குரூப்பில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அக்கா இங்கிருந்து ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டினார். சுயேச்சையாக நின்று ஊராட்சி வார்டு உறுப்பினராகவும் ஆனார். நம் ரோட்டில் பாதி டவுனுக்குச் சொந்தம், பாதி ஊராட்சிக்கு. பள்ளமோ இரண்டு தாய்க்கும் பொதுவாகப் பிறந்து இரண்டு பேராலும் கைவிடப்பட்ட பிள்ளை. சரியாக எல்லையில் உட்கார்ந்திருந்தது. டவுனில் கேட்டால் கிராமத்து லிமிட் என்பார்கள், கிராமத்தில் கேட்டால் டவுன் லிமிட். பொறுமைக்கும் ஒரு லிமிட் உண்டு என்பது மட்டும் இரண்டு ஆபீஸுக்கும் தெரியாது.

ஒருநாள் நான் அக்காவின் ஆட்டோவில் முன்சீட்டில் தொற்றிக்கொண்டு போனேன். ஓரமாக நிறுத்தி டவுன் இன்ஜினியருக்குப் போன் போட்டார். அவர் வழக்கமான பாட்டைத் தொடங்கியதும், “ஒரு நிமிஷம் இரு சார்” என்று அவரைக் காத்திருக்க வைத்துவிட்டுக் கிராமத்து இன்ஜினியரைக் கூப்பிட்டார். இரண்டு அழைப்பையும் ஓசைப்படாமல் ஒன்றாகச் சேர்த்துவிட்டு, ஸ்பீக்கரைத் தட்டிவிட்டு, பள்ளம் யாருடையது என்று கேட்டார்.

“அது டவுன்காரன் வேலைமா. அந்தாளு ஒரு சோம்பேறி” என்றார் கிராமத்து இன்ஜினியர்.

“யாருய்யா சோம்பேறி?” என்றது டவுன்.

அக்கா நிதானமாகச் சொன்னார்: “ரெண்டு பேரும் பேசிக்கினு இருங்க சார். நான் லைன்லதான் இருக்கேன்.”

அவ்வளவுதான். திட்டவில்லை, கெஞ்சவில்லை. பின்சீட்டில் பாவு நூல் மூட்டையை மடியில் வைத்திருந்த நெசவாளர்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் டவுன் ரோலர் தருவதாகச் சொன்னது. கிராமம் தாரும் ஆளும் தருவதாகச் சொன்னது.

சொன்னபடி செய்தார்கள் என்பதுதான் ஆச்சரியம். பக்கத்து ஊராட்சிகளும் கேள்விப்பட்டு வந்து சேர்ந்துகொண்டன. ஒரே ரோலர் ஊர் ஊராகச் சுற்றியது. குழியை யார் பார்த்தாலும் போட்டோ எடுத்து குரூப்பில் போட வேண்டும். எந்த ஊர் ஆள் பக்கத்தில் இருக்கிறாரோ அவர் மூட வேண்டும். லிமிட் பார்க்கக் கூடாது. இந்த குரூப்பே அப்படித்தான் பிறந்தது. அந்த மழைக்காலத்தில் அக்காவின் ஆட்டோவில் டீ கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு சிந்தாமல் போயிருக்கிறேன்.

பிறகு போர்டு வைக்க வந்தார்கள். ரோட்டைப் பராமரிப்பது யார் என்று எழுத வேண்டுமாம். யார் பெயர் முதலில் வருவது என்று தகராறு. கடைசியில் எல்லையில் இரண்டு போர்டு, ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு. ரோலர் டவுனோடு போய்விட்டது, தார் டிரம் கிராமத்தோடு. அடுத்த மழைக்குப் பள்ளம் பழைய இடத்துக்கே குடிவந்தது. “பள்ளத்துக்கு ஒரு போர்டு வெக்கச் சொல்லுங்கபா, அதுல யார் பேரு முதல்ல போடறாங்கன்னு பாக்கலாம்” என்றார் அக்கா.

சொன்னதைச் செய்யாவிட்டால் நான் எதற்கு இருக்கிறேன்? அட்டையில் எழுதிக் குச்சியில் கட்டிப் பள்ளத்துக்குள் நட்டேன்: ‘இப்பள்ளம் டவுன் மற்றும் ஊராட்சியின் கூட்டு முயற்சியால் பராமரிக்கப்படுகிறது.’ கூட்டு என்றால் சோற்றுக்குத் தொட்டுக்கொள்வது என்று மட்டுமே அறிந்த நம் ஊரே வந்து போட்டோ எடுத்தது. மறுநாள் டவுன் ஆள் வந்து ‘டவுன்’ என்பதை மட்டும் அழித்துவிட்டுப் போனார். சாயங்காலம் கிராமத்து ஆள் வந்து ‘ஊராட்சி’யை மட்டும் அழித்தார். அட்டையைப் பிடுங்க இருவருக்கும் தோன்றவில்லை. பள்ளம் அவர்கள் லிமிட்டில் இல்லையே.

அக்காவிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

“எழுதினது நல்லாத்தான் இருக்குது. ஏன்டா, அட்டைகிட்ட இந்தப் பேச்சு பேசறியே, ஆளுகிட்ட பேசேன். நான் ஒருத்தியே எத்தினி நாளுபா லைன்ல நிப்பேன்?”

அதற்குள் இரண்டு இன்ஜினியர்களும் உஷாராகிவிட்டார்கள். போனை எடுத்ததும், “லைன்ல வேற யாராச்சும் இருக்காங்களாம்மா?” என்று கேட்டுவிட்டுத்தான் பேசுவார்கள். பிறகு எடுப்பதையே விட்டார்கள். அக்கா சவாரிக்கு வருபவர்களின் போனை வாங்கி வாங்கிக் கூப்பிட்டார். அப்படிக் கூப்பிட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை தலைவர் வந்தார், மாலை போட்டார், போட்டோவுக்கு நின்றார். உள்ளாட்சிகளின் ஒத்துழைப்புக்கு இந்த ரோடே சாட்சி என்று மைக்கில் சொன்னார். இரண்டு இன்ஜினியர்களும் தலையாட்டினார்கள். கார் போய்விட்டது. அப்புறம்தான் அக்காவைத் தூக்கினார்கள்.

சுடுகாடு எதிர்ப்பக்கம். தார் அக்காவின் வீட்டு வாசலோடு நின்றிருந்தது, வெட்டி வைத்த மாதிரி. தலைவர் வந்த பக்கம் தார், அக்கா போன பக்கம் குழி. தூக்கினவர்கள் தடுமாறத் தடுமாற, அந்த உடம்பு கடைசி வரைக்கும் குலுங்கிக்கொண்டே போனது. அதை இந்த ஜென்மத்தில் மன்னிக்கப் போவதில்லை.

அப்போது நான் டவுன் இன்ஜினியரை மறித்துக் கேட்ட கேள்வி உங்கள் எல்லோருக்கும் தெரியும். “சார், மிச்ச ரோட்டுக்கு யாரைச் சாவச் சொல்றீங்க?” குரூப்பில் அதற்கு வந்த கைதட்டல்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். சிங்கம் என்றுகூட ஒருவர் எழுதியிருந்தார்.

அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்ள விரும்புவது அவருடைய அந்த மௌனம். கேட்க வேண்டியதை ஆளிடமே கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நகராமல் நிற்கும் மௌனம். ஆனால் அதை வைத்துக்கொள்ள எனக்கு இன்னும் யோக்கியதை வரவில்லை. அந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லை. சுடுகாட்டிலிருந்து வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும்போதுதான் அது எனக்குத் தோன்றியது; கேட்டதாக நானேதான் குரூப்பில் போட்டேன்.

உண்மையில் அந்த டவுன் இன்ஜினியர்தான் என்னிடம் கேட்டார், “இன்னா தம்பி, ரோடு நல்லா இருக்குதா?” என்று. “சூப்பர் சார், தேங்க்ஸ்” என்றேன். அதோடும் நிற்கவில்லை. அவர் ஷூவில் புதுத் தார் ஒட்டியிருந்தது. துடைத்துக்கொள்ள என் கர்சீப்பைக் கொடுத்தேன்.