சலூன்காரர் கட்டிக்குக் கிடைத்த பதவி உயர்வு

நான் வேலை பார்க்கும் திசுப் பரிசோதனை ஆய்வகத்துக்கு எதிரே இருக்கும் சலூன்காரர் ஊருக்கெல்லாம் மழமழவென்று சவரம் செய்வார். தனக்கு மட்டும் தாடி. ஏன் என்று கேட்டால், "பல் டாக்டர் தன் பல்லைத் தானே புடுங்கிக்கிறாரா தம்பி?" என்பார். உண்மைக் காரணம் இடது காதுக்குக் கீழே இருந்த தழும்பு. ஒன்பது வருஷத்துக்கு முன்பு அங்கே எச்சில் சுரப்பியில் வந்த வீக்கத்தை வெட்டி எடுத்தார்கள். 'கட்டி அல்ல, சுரப்பியில் ஏற்பட்ட வெறும் மாற்றம்' என்று வந்த அறிக்கையைச் சட்டம் போட்டுக் கடைச்சுவரில் மாட்டியிருந்தார்.

அவர் கை பொல்லாத கை. நுரை தடவும்போதே தாடையில் எது புதிது என்று கண்டுபிடித்துவிடும். அப்படி மூன்று பேரை மருத்துவமனைக்குத் துரத்தியிருக்கிறார். போய்க் காட்டாமல் வந்தால் முடி வெட்ட மாட்டேன் என்பது அவருடைய மிரட்டல்.

இதற்கிடையே எச்சில் சுரப்பிக் கட்டிகளின் பட்டியலை நிபுணர்கள் திருத்தினார்கள். சில கட்டிகளுக்குப் பெயர் மாறியது. சில வேறு குடும்பத்துக்குப் போயின. சலூன்காரருடைய 'வெறும் மாற்றம்' நிஜமான கட்டிதான், ஆனால் புற்றுநோய் அல்லாத சாதுவான கட்டி என்று முடிவானது. அபூர்வமாகத் திரும்பவும் வரலாம் என்பதால் எங்கள் மருத்துவமனை டாக்டரம்மா அவரை வரச்சொல்லி இரண்டு கடிதம் போட்டார். பதில் இல்லை. மூன்றாவதை என் கையில் கொடுத்தார்.

எங்கள் வீட்டிலேயே முதலில் பட்டம் வாங்கியவன் நான். யாருக்கும் எதையும் புரியவைத்துவிடலாம் என்ற தெம்பு உண்டு. சவர நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்தில் கத்தி ஏறிய பிறகு பேச்சை ஆரம்பித்ததுதான் தப்பு.

"அண்ணே, உங்க கட்டி இருக்குல்ல..."

கத்தி நின்றது. "கட்டியா? சுவத்துல என்ன எழுதியிருக்கு? படிச்ச புள்ளதானே, படி."

"இப்ப அதைக் கட்டின்னுதான் சொல்றாங்க."

"ஒம்பது வருஷமா சும்மா கிடந்ததுக்குப் பதவி உயர்வு குடுத்திருக்கீங்க! நான் ஒம்பது வருஷமா நின்னுக்கிட்டே வேலை பாக்குறேன், என்னை யாராவது கேட்டீங்களா?"

"இது மூணாவது கடுதாசி அண்ணே. ஒரு தடவை வந்து காட்டிட்டா..."

"அசையாதே. குரல்வளை என் கையில இருக்கு."

உள்ளே துண்டு மடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி வெளியே வந்தார். "என்ன கடுதாசி? எனக்குத் தெரியாம?" கத்தி துடைக்கிற காகிதக் கற்றையிலிருந்து முதல் இரண்டு கடிதங்களையும் நுரையோடு உருவினார். "ஊரான் கழுத்தையெல்லாம் தடவிப் பாக்குறீங்களே, உங்க கழுத்தை என்னைக்காவது தொட்டீங்களா?"

சலூன்காரர் கண்ணாடியைப் பார்த்தார். தாடியில் சீப்பு போகும், விரல் போனதில்லை.

"இருந்துச்சுன்னா?" என்றார். குரல் இறங்கிவிட்டது.

"இருந்தா எடுப்பாங்க. தம்பி, நீ எந்திரி. நீங்க உக்காருங்க."

என் பாதி முகத்தில் நுரை. அவர் முகம் முழுக்கப் பயம். அண்ணியே மெஷினை எடுத்துத் தாடியை வழித்தார்.

மூவருமாக அடுத்த தெருவில் இருந்த மருத்துவமனைக்குப் போனோம். டாக்டரம்மா விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். ஸ்கேனும் எடுத்தார். ஒன்றுமில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை வந்து காட்டினால் போதும் என்றார்.

சலூன்காரருக்கு மூச்சு வந்தது. கூடவே வாயும் வந்தது. "போன தடவை வீக்கம் இருந்துச்சு, கட்டி இல்லைன்னீங்க. இப்ப கட்டிங்கறீங்க, வீக்கம் இல்ல. என்னதான் படிக்கிறீங்களோ!"

திரும்பும் வழியெல்லாம் தன் தாடையையே தடவிக்கொண்டு வந்தார். தெருமுனையில் நின்றார்.

"வலது பக்கம் ரெண்டு முடியை விட்டுட்டியே."

"அடுத்த வருஷம் கூட்டிட்டுப் போறப்ப எடுக்கிறேன், நடங்க" என்றார் அண்ணி.